பனி பொய்த்த டிசம்பரில்

டிசம்பர் தொடக்கத்தில் குழந்தைகளோடு ஆல்ப்ஸ் மலைக்குப் போனால், வாடகைக்குச் சறுக்குவண்டி கிடைத்துவிடும். சரிவில்தான் புல் பல்லிளிக்கும். அந்த நாட்களில் வானத்தைவிட நம்பத் தகுந்தது, சரிவோரம் நின்று செயற்கைப் பனி பொழியும் பனிப்பீரங்கி.

அது பிறந்ததும் பனி பொய்த்ததால்தான். 1949-50 குளிர்காலத்தில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பனி பொய்த்தது. மோஹாக் மலைச் சறுக்குத்தளத்தின் உரிமையாளர் ஐஸ் கட்டிகளை வாங்கி, நொறுக்கிச் சரிவில் பரப்பிப் பார்த்தார். சறுக்கு மட்டை செய்து விற்றுவந்த ஆர்ட் ஹன்ட், வேய்ன் பியர்ஸ், டேவ் ரிச்சி மூவருக்கும் வியாபாரம் படுத்துவிட்டது. 1950 மார்ச்சில் அவர்கள் பெயின்ட் அடிக்கும் நாசில், தோட்டத்து ரப்பர் குழாய், கம்ப்ரசர் மூன்றையும் இணைத்து, தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் குளிரில் பீச்சினார்கள். பனி விழுந்தது.

இன்றைய பீரங்கியில் பெரிய விசிறி ஒன்றும், அதன் வாயைச் சுற்றி நாசில் வளையங்களும் உண்டு. தூய நீர்த்துளி 0 டிகிரியில் உறைந்தே தீரும் என்றில்லை. மைனஸ் 38 வரைகூட நீராகவே இருக்கும். உறைய ஒரு வித்து வேண்டும். அதனால் சில நாசில்களில் அழுத்தக் காற்றோடு நீர் சீறி வருகிறது. காற்று விரியும்போது சட்டென்று குளிர்ந்து நுண்ணிய பனித்துகள்கள் பிறக்கின்றன. மற்ற நாசில்களின் துளிகள் அவற்றில் ஒட்டி, தரை தொடுவதற்குள் உறைகின்றன.

ஆனால், ஒரு கிலோ நீர் உறையும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியே தள்ளும். அதை வாங்கிக்கொள்ளக் குளிர் மட்டும் போதாது, காற்று வறண்டும் இருக்க வேண்டும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல, துளியின் ஒரு பகுதி ஆவியாகி மீதியைக் குளிர்விக்கிறது. 2 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள இரவில் பீரங்கி ஓடும். மைனஸ் 1 டிகிரியில் மூடுபனி சூழ்ந்தால் பெரும்பாலும் சும்மா நிற்கும். எனவே வானிலை அறிக்கையில் ஈரப்பதத்தையும் பாருங்கள்.

ஒரு ஹெக்டேர் சரிவில் 30 செ.மீ. பனி போடச் சுமார் 10 லட்சம் லிட்டர் நீர் வேண்டும். அதனால் சறுக்கு மட்டைக்காரர்களின் பாதைகளுக்கே முதலிடம். சறுக்குவண்டிப் பாதைக்கு முறை வரத் தாமதமாகலாம். இந்தப் பனி இயற்கைப் பனியைவிடப் பல மடங்கு அடர்த்தி. மட்டைக்காரர்கள் முகம் சுளிக்கலாம்; வண்டிக்கு அந்தக் கெட்டித்தரை கொண்டாட்டம்தான்.

ஆசைக்காக, மூடிய மட்டைப் பாதையில் இரவில் வண்டி விடக் கூடாது. பீரங்கி குவித்த பனியைப் பரப்பும் ராட்சத வண்டிகள் அப்போதுதான் மேலே ஏறும். செங்குத்தான இடங்களில் அவற்றை இழுத்துப் பிடிக்கும் எஃகு வடம் ஒரு கிலோமீட்டர்கூட நீளும். இருட்டில் கண்ணுக்குத் தெரியாது.