சீனி வருத்தமும் ஸப்ரின் பொருளும்



நோன்பு காலத்து அஸர் நேரத்தில் ஜிந்துப்பிட்டியின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் கஞ்சியின் மணம் கமழும். அந்நேரத்தில் கை நடுங்க, உடல் வியர்க்க, "ஒன்றுமில்லை, சற்றுக் களைப்பு" என்று மூலையில் சாய்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். அவர் நீரிழிவு நோயாளியாயின் அது வெறும் களைப்பாக இராது. இரத்தத்தில் சீனி குறைந்துவிட்டதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

அவர் ஏன் மறைக்கிறார்? நோன்பை விட்டால் பிறர் என்ன நினைப்பரோ என்ற கூச்சமே காரணம். நாமோ அதனைப் பொறுமை என்று புகழ்கிறோம். ஸப்ர் என்னும் அறபுச் சொல்லின் வேர்ப்பொருள் தடுத்து நிறுத்துதல் என்பதாகும். வாய்திறவாது துன்புறுதல் அன்று. இரண்டாவது துண்டு வட்டிலப்பத்தை நோக்கி நீளும் கையைத் தடுப்பதும் ஸப்ரே. (கித்துள் கருப்பட்டியில் செய்தது தீங்கு செய்யாது என்று நமக்கு நாமே ஆறுதல் கூறிக்கொள்கிறோம். கருப்பட்டியும் சீனிதான்!)

13 நாடுகளின் முஸ்லிம் நோயாளரிடையே 2001இல் நடைபெற்ற ஆய்வொன்றில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளோருக்குக் கடுமையான சீனிக் குறைவு ஏற்படுவது ரமழானில் ஏழு மடங்குக்கு மேல் அதிகரித்தமை கண்டறியப்பட்டது. ஆகவே அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், மஃரிபுக்குப் பத்து நிமிடமே இருப்பினும் நோன்பைத் திறந்துவிட வேண்டும். நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையையும், சுகமாகும் நம்பிக்கை அற்றவருக்கு ஃபித்யாவையும் மார்க்கம் வழங்கியுள்ளது. அச்சலுகையை ஏற்கவும் மனத்துணிவு வேண்டும். விரலில் குத்தி இரத்தம் சோதிப்பதோ இன்சுலின் ஊசியோ நோன்பை முறிக்காது என்பதே 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் கவுன்சிலின் முடிவிலிருந்து பெறப்படுவதாகும்.

மனச்சோர்வும் இந்நோயின் நிழலே. 17 நாடுகளில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், நோயாளருள் ஏறத்தாழ 45 வீதமானோர் நீரிழிவினாலேயே உளநெருக்கடிக்கு ஆளாகியிருந்தனர். ஒருநாள் அளவு ஏறிவிட்டால், "இனி என்ன பயன்?" என்று மருந்தையே கைவிடுவோர் உளர். தவறியவன் அன்றே மீளத் தொடங்குவதுதானே தவ்பா? அதே நீதியை உங்கள் உடலுக்கும் வழங்குங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். மாத்திரையும் நடையும் அந்தக் கயிறு போன்றவையே.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. "வாப்பா, இதைச் சாப்பிடாதீங்க" என்று எல்லோர் முன்னும் அதட்டுவதால் அவர் ஒளித்து உண்ணவே பழகுவார். சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டிய ஒரே ஸஹனில் நீங்களும் உடனிருந்து உண்ணுங்கள்.

ரமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்னரே வைத்திய ஆலோசனை பெறுதல் நன்று. மருந்து வேளைகளைத் தாமாக ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்ளலாகாது. ரஜப் பிறந்ததும் கிளினிக் கொப்பியைக் கையிலெடுத்து, அவரையும் அழைத்துக்கொண்டு புறப்படுங்கள்.