முகம் கேட்கும் பொறுமை

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் மொழி. ஆயினும் முகத்தில் தெரிவதெல்லாம் அகத்தின் குறையன்று என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். 14 வயதில் தோன்றிய முகப்பரு 20 வயதில் மறைந்துவிடும் என்று பலரும் எதிர்பார்க்கின்றனர். அது 25 வயதிலும் 30 வயதிலும் முகவாயை விட்டு அகலாமல் நிற்கும்போது, அப்பெண்ணின்மீது சுமத்தப்படும் பழிகள்தாம் எத்தனை! "எண்ணெய்ப் பலகாரம் மிகுதியாகத் தின்கிறாள்" என்பார் ஒருவர். "முகத்தை ஒழுங்காகக் கழுவுவதில்லை" என்பார் மற்றொருவர். "நிக்காஹ் முடிந்தால் தானே போய்விடும்" என்று ஆறுதல் கூறுவார் இன்னொருவர். இம்மூன்றும் உண்மையல்ல.

பருவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது, அது வெறும் அழகைப் பற்றிய கவலைதானே என்று சிலர் எண்ணக்கூடும். பருவினால் எவரும் இறப்பதில்லை என்பது மெய்யே. ஆனால் பருவை விரைவில் போக்க வேண்டும் என்னும் அவசரத்தால், நல்ல தோலை நிலையாகக் கெடுத்துக்கொண்ட பெண்கள் நம் நாட்டில் ஏராளம். அந்த அவசரத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

எல்லையோரத்து ஊர் ஒன்று

சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாகத் திருப்பதி செல்லும் இருப்புப்பாதையில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ளது திருத்தணி. குன்றின்மீதுள்ள முருகன் கோயிலாலும், குடியரசுத் தலைவராய் விளங்கிய டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் என்பதாலும் நாடறிந்த ஊர் அது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 1960 ஏப்ரல் முதல் நாளன்று அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஆயினும் அவ்வட்டாரத்தில் இன்றும் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. நாம் முகப்பரு என்பதைத் தெலுங்கர் மொட்டிமலு என்பர். பெயர்தான் வேறு, சந்தனம், மஞ்சள், வேப்பிலை, கடலைமாவு என்று இருசாராரும் கைக்கொள்ளும் பரிகாரங்கள் பெரும்பாலும் ஒன்றே.

இத்தகைய ஊரில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மகளுக்கு வயது 24. முகவாயிலும் தாடையோரத்திலும் ஆண்டுக்கணக்கில் பரு. வீட்டுப் பரிகாரங்கள் அனைத்தும் செய்து பார்த்தாயிற்று. அடுத்த வாரம் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகின்றனர். தோல் மருத்துவரைக் காண வேண்டுமாயின் இரயிலேற வேண்டும். மருந்துக்கடையோ தெருமுனையிலேயே இருக்கிறது. "பரு போய் முகம் வெளுக்க ஏதேனும் கொடுங்கள்" என்று தாயார் கேட்க, சிறு குழல் ஒன்று கைக்கு வருகிறது. சில நாட்களிலேயே சிவப்பு தணிகிறது, முகம் பளிச்சிடுகிறது. வீடே மகிழ்கிறது. இது திருத்தணிக்கு மட்டும் உரிய கதையன்று. நாட்டின் எந்தச் சிறு நகருக்கும் பொருந்தும் கதை.

குழலுக்குள் இருப்பது என்ன?

இவ்வாறு வாங்கப்படும் பூச்சு மருந்துகள் பலவற்றில் பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டுகள் அடங்கியுள்ளன. இவை தீயவை அல்ல. கரப்பான் போன்ற தோல் நோய்களுக்கு, உரிய இடத்தில், உரிய காலம் வரை பூசினால் நற்பயன் தருபவை. ஆனால் முகத்தோல் மெல்லியது. அதில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பூசும்போது தோல் மேலும் மெலிகிறது. இரத்தக் குழாய்கள் சிவந்த நூலிழைகளாக வெளியே தெரிகின்றன. தேவையற்ற மயிர் வளர்கிறது. வெயில் பட்டால் எரிகிறது. எல்லாவற்றினும் கொடுமை யாதெனில், எந்தப் பருவைப் போக்க அதனைப் பூசினார்களோ அந்தப் பருவையே அது பெருக்குகிறது. பூசுவதை நிறுத்தினால் முகம் சிவந்து குமுறுகிறது. அதற்கு அஞ்சி மீண்டும் பூசுகின்றனர். இப்படியே அப்பெண் அக்குழலுக்கு அடிமையாகிறாள்.

இது வெறும் அச்சுறுத்தலன்று. நாட்டின் 12 தோல் மருத்துவ மையங்களில் நடைபெற்று 2011ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், முகத்தில் தோல் நோயுடன் வந்த 2,926 பேர் ஆராயப்பட்டனர். அவர்களுள் 433 பேர், அதாவது ஏறத்தாழ 15 விழுக்காட்டினர், முகத்தில் ஸ்டீராய்டு பூசி வந்தனர். அந்த 433 பேரிலும் பாதிக்கு மேற்பட்டோர்க்கு அதனைப் பரிந்துரைத்தவர் மருத்துவர் அல்லர். அவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்ட பக்கவிளைவு எது தெரியுமா? பருவேதான்!

தோல் மருத்துவர்கள் பல்லாண்டுகள் தொடர்ந்து குரல் கொடுத்ததன் பயனாக, 2018 மார்ச்சில் மத்திய அரசு ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை 'அட்டவணை எச்' பட்டியலுக்குள் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டின்றி இவற்றை விற்றல் கூடாது என்பதே அதன் பொருள். ஆனால் வாங்குகின்றவர் விழிப்பாக இல்லாவிடில் சட்டம் மட்டும் என்ன செய்யும்? குழலை வாங்கும் முன் அட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். மேற்சொன்ன பெயர்களுள் ஒன்று இருப்பின், மருத்துவர் கூறாமல் முகத்தில் வைக்காதீர்கள். ஏற்கெனவே பல மாதங்களாகப் பூசி வருவோர் தோல் மருத்துவரை அணுகி, அவர் கூறும் முறைப்படி விடுபட வேண்டும்.

பரு எதனால் வருகிறது?

நம் தோலில் ஒவ்வொரு மயிர்க்காலை ஒட்டியும் எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. ஆண்ட்ரோஜன் எனப்படும் ஹார்மோன் இச்சுரப்பிகளைத் தூண்டுகிறது. இதனை ஆண்களுக்குரிய ஹார்மோன் என்பர். எனினும் பெண்களின் உடலிலும் சிறிதளவு இயல்பாகவே சுரக்கிறது. எண்ணெய் மிகுந்து, இறந்த தோலணுக்களுடன் சேர்ந்து மயிர்க்காலின் வாயை அடைக்கிறது. அடைபட்ட இடத்தில் கிருமிகள் பெருகித் தோல் வீங்குகிறது. அதுவே பரு. மாதவிலக்குக்குச் சில நாட்களுக்கு முன் அது மிகுவதும், தாடையோரத்தில் ஆழமாக வலியுடன் எழுவதும் ஹார்மோன் சார்ந்த பருவின் அடையாளங்கள்.

"இரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் சரியாக இருக்கிறது என்கிறார்களே, பிறகு ஏன் பரு?" என்று பலர் வியக்கின்றனர். ஹார்மோன் அளவு சரியாகவே இருந்தும், சுரப்பிகள் அதற்கு மிகையாக எதிர்வினை காட்டுவதுண்டு. வளர்ந்த பெண்கள் பலரின் நிலை இதுவே. இது உடலின் இயல்பு. ஒழுக்கக் குறைவோ, தூய்மைக் குறைவோ அன்று.

ஆயினும் சிலருக்குப் பரு என்பது உள்ளேயிருந்து வரும் ஒரு கடிதம். மாதவிலக்கு 35 நாட்களுக்கு மேல் தள்ளிப்போதல், ஆண்டுக்கு எட்டு முறைக்கும் குறைவாக வருதல், மேலுதட்டிலும் முகவாயிலும் மயிர் வளர்தல், உச்சந்தலையில் முடி குறைதல், கழுத்துத் தோல் கறுத்துத் தடித்தல் ஆகியவற்றுள் எதுவும் பருவுடன் சேர்ந்து காணப்பட்டால், சினைப்பை நீர்க்கட்டி நோய் உண்டா என்று மருத்துவரிடம் ஆராய்தல் வேண்டும். 1935ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து மருத்துவர்கள் ஸ்டீன், லெவன்தால் ஆகிய இருவரும் விவரித்த இந்நோய், இன்று குழந்தை பெறும் வயதுடைய பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு உண்டு என்று கருதப்படுகிறது. பெயரைக் கேட்டதும் குழந்தைப் பேறே இல்லாமற் போகும் என்று கலங்க வேண்டா. இந்நோயுடைய பெண்கள் மிகப் பலர் தாய்மை அடைகின்றனர். பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், காலத்தே கண்டறிவது நன்று.

அன்றாடம் செய்யத்தக்கன

மென்மையான சோப்புத் திரவத்தால் காலையும் இரவும் முகம் கழுவினால் போதும். ஐவேளை ஒளூவின்போது வெறும் நீரால் முகம் கழுவுவது பருவுக்குத் தீங்கன்று. ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுத் தேய்த்தால்தான் தோல் வறண்டு எரிச்சலுறும். முக்காட்டுத் துணி முகவாயைச் சுற்றி இறுகி, வியர்வையில் ஊறி உராய்ந்தால் பரு மிகக்கூடும். மெல்லிய பருத்தித் துணியை அணிந்து, நாள்தோறும் துவைத்து மாற்றுதல் நலம். தலைக்குத் தடவும் எண்ணெய் நெற்றியில் வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பருவைக் கிள்ளுதலும் பிதுக்குதலும் அறவே கூடாது. நம்மவர் தோலில் பரு ஆறிய இடம் கறுத்து நின்று, மறையப் பல மாதங்கள் ஆகும். வெயில் அக்கருமையை மிகுவிக்கும்.

உணவைப் பொறுத்தவரை, எண்ணெய்ப் பலகாரம் நேரே முகத்தில் எண்ணெயாக வழிவதில்லை. சர்க்கரையும் மைதாவும் மிகுந்த உணவு சிலரிடம் பருவைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றைக் குறைப்பது உடலுக்கும் நல்லதே. ஆனால் உணவுக் கட்டுப்பாடு ஒன்றே மருந்தாகிவிடாது.

மருத்துவர் தரும் பூச்சுகளில் முதன்மையானவை பென்சாயில் பெராக்சைடும் அடாபலீனும். முன்னது கிருமியை அழிப்பது. துணியின் சாயத்தையும் வெளுத்துவிடுமாதலால், தலையணை உறையிலும் முக்காட்டிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னது மயிர்க்காலின் அடைப்பை நீக்குவது. இரவில் ஒரு பட்டாணி அளவு எடுத்து, பரு உள்ள இடத்தில் மட்டுமின்றி முகம் முழுவதும் மெல்லப் பரப்ப வேண்டும். முதற்சில வாரங்கள் தோல் வறண்டு உரியும். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று பலர் கைவிடுவது இக்கட்டத்தில்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் பூசி, வறட்சிக்கு ஈரப்பசைக் களிம்பிட்டுப் பொறுத்திருந்தால், 8 முதல் 12 வாரங்களில் பயன் தெரியும். பயன் தெரிந்ததும் நிறுத்திவிடலாகாது. நிறுத்தினால் பரு மீண்டும் வரும். கருவுற்றோரும் கருவுற எண்ணுவோரும் அடாபலீனைத் தவிர்த்து, அசெலாயிக் அமிலம் போன்ற மாற்று மருந்தை மருத்துவரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

பூச்சுகளுக்கு அடங்காத பருவுக்கு மாத்திரைகள் உண்டு. நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைச் சில மாதங்களுக்கு மேல் நீட்டித்தல் தகாது. ஆண்ட்ரோஜனின் செயலைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் என்னும் பழைய மருந்து பெண்களின் பருவுக்குப் பயன்படுவதை, இங்கிலாந்தில் 410 பெண்களிடம் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. அங்கும் 12 வாரங்களைவிட 24 வாரங்களில்தான் பயன் தெளிவாகத் தெரிந்தது! கடும் பருவுக்குரிய ஐசோட்ரெட்டினாய்ன் ஆற்றல் மிக்கது. ஆனால் கருவிலுள்ள குழந்தைக்குப் பெருந்தீங்கு விளைவிப்பது. அதனை உண்ணும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் கருவுறுதல் கூடாது. திருமணம் நிச்சயமாகியிருப்பின் அதனை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். நோன்புக் காலத்தில் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடாமல், சஹர் நேரத்திற்கோ நோன்பு திறந்த பின்னரோ மாற்றித் தருமாறு கேளுங்கள்.

மருத்துவர் தொலைவில் இருக்கிறார் என்பது முன்போல் பெருந்தடையன்று. 2022 முதல் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. திருத்தணியிலிருந்து மின்சார இரயிலிலேயே சென்று வரலாம். மேற்கே வேலூரும் கிழக்கே சென்னையும் உள்ளன. சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு நாளைச் செலவிடுவது, கெட்டுப்போன தோலைச் சீராக்க ஆண்டுகளைச் செலவிடுவதைவிட மேலானதன்றோ?

குடும்பத்தாருக்கு

நீரிழிவையும் இரத்தக் கொதிப்பையும் ஒரு வாரத்தில் போக்கித் தருமாறு நாம் எவரையும் கேட்பதில்லை. கட்டுக்குள் வைத்துக்கொள்ளவே கேட்கிறோம். நாட்பட்ட பருவும் அத்தகையதே. மாதம் ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில் ஒரு புகைப்படம் எடுத்து வைத்தால், கண்ணாடி காட்டாத முன்னேற்றத்தை அது காட்டும். நாள்தோறும் மகளின் முகத்தை உற்றுநோக்கி, "இன்று இன்னும் இரண்டு வந்திருக்கிறதே" என்று சொல்வதைத் தாய்மார்கள் விட்டுவிட வேண்டும். அச்சொல்லே அவளை விசேஷ வீடுகளுக்குச் செல்லவிடாமல் தடுக்கிறது. யாருமறியாமல் மருந்துக்கடைக்கு அனுப்புகிறது. பரு காரணமாக மகள் உண்ணாமல், உறங்காமல், எவருடனும் பேசாமல் ஒடுங்கிப்போனால், அதனையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மகனுக்குப் பெண் தேடிச் செல்லும் அன்னையர்க்கும் ஒரு சொல். நீங்கள் ஒரு வீட்டின் முற்றத்தில் அமர்ந்து, தேநீருடன் வரும் பெண்ணின் முகத்தை ஒரு கணம் பார்க்கிறீர்கள். அந்த ஒரு கணத்திற்கு அஞ்சியே எத்தனையோ வீடுகளில் அந்தச் சிறு குழல் வாங்கப்படுகிறது. பருவோடு ஒரு பெண் உங்கள்முன் வந்து நின்றால், தன் முகத்தைக் கெடுத்துக்கொள்ளாத அறிவுள்ள பெண் என்று எண்ணுங்கள். அவளிடம் வேறு ஏதேனும் பேசுங்கள்.