செஞ்சி: பல பெயர் பூண்ட மலைக்கோட்டை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை நோக்கிச் செல்வோரின் கண்ணை மூன்று பாறைக் குன்றுகள் கவரும். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்பன அவற்றின் பெயர்கள். இம்மூன்றையும் மதிலால் இணைத்து எழுந்ததே செஞ்சிக் கோட்டை.

நான் மாணவனாயிருந்த காலத்தில் வரலாற்று நூல்களில் இக்கோட்டையைத் தேடித் திகைத்ததுண்டு. ஒரு நூல் பாதுஷாபாத் என்றது. மற்றொன்று சந்தி என்றது. பிறிதொன்று நுஸ்ரத்கட் என்றது. இவை வெவ்வேறு ஊர்கள் என்றே எண்ணினேன். எல்லாம் ஓரூரே என்று பின்னர்த்தான் தெளிந்தேன்.

பெயர்கள் மாறியது ஏன்? கடற்கரைச் சமவெளிக்கும் உள்நாட்டிற்கும் இடையே நின்ற இக்கோட்டையை ஒவ்வோர் அரசும் விரும்பிற்று. விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் இங்கு ஆண்டனர். 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை இதனைக் கைப்பற்றியது. பாதுஷாபாத் என்ற பெயர் பிறந்தது. 1677இல் சிவாஜி வென்றார். மராத்தியர் நாவில் அது சந்தி ஆயிற்று. அவர் மகன் இராஜாராம் இங்கிருந்துகொண்டே முகலாயரை எதிர்த்தார். நெடிய முற்றுகைக்குப் பின் 1698இல் ஜுல்பிகர் கான் கோட்டையைப் பிடித்தார். நுஸ்ரத் ஜங் என்னும் அவரது பட்டமே நுஸ்ரத்கட் என்ற பெயராயிற்று. 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் இதனைக் கைக்கொண்டனர். ஆங்கிலேயர் ஏடுகளில் இது ஜிஞ்ஜி.

இத்தனை பெயர்களில் நிலைத்தது எது? செஞ்சி ஒன்றே. ஆணையால் வந்த பெயர்கள் ஆணையோடு மறைந்தன. உழவரும் வணிகரும் வழங்கிய பெயர் நின்றது. 1714இல் ஆர்க்காட்டு நவாபுடன் பொருது மாண்ட தேசிங்குராஜன் ஓராண்டும் ஆண்டவனல்லன்; எனினும் மக்கள் பாடலில் அவனே செஞ்சியின் மன்னன்.

இன்றும் பெயர் மாற்றம் ஓயவில்லை. தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்த செஞ்சி, 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்தது. 2025இல் யுனெஸ்கோ, 'மராத்தியரின் இராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலிற் சேர்த்தது. தமிழகத்திலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி மட்டுமே. பெருமைதான், ஆயினும் அத்தலைப்பு இக்கோட்டையின் வரலாற்றில் ஓர் அத்தியாயத்தையே சுட்டுகிறது. நாயக்கர் கட்டிய களஞ்சியங்களும், சாதத்துல்லா கான் பெயர் தாங்கிய பள்ளிவாசலும் எஞ்சிய அத்தியாயங்களைச் சொல்கின்றன.

ஆதலின், பழைய ஏடொன்றில் ஓர் ஊர்ப்பெயரைக் கண்டால், "இப்பெயரை இட்டவர் யார்? எப்போது இட்டார்?" என்று கேளுங்கள். விடுமுறையில் ஒருநாள் இராஜகிரியின் படிகளில் ஏறிப் பாருங்கள். அவ்வினாவின் பயன் அங்கே விளங்கும்.