22 டெராஃப்ளாப்ஸ் 16-இடம் தோற்ற கதை

கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த காசில் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். கேம் ஆட அல்ல. இணையமே இல்லாமல் வீட்டுக் கணினியில் மொழி மாடல்களை ஓட்டிப் பார்க்கணும் என்று ரொம்ப நாளாக ஆசை. வாங்குவதற்கு முன் வழக்கம்போல ஒரு எக்செல் ஷீட் போட்டு, டெராஃப்ளாப்ஸ் அளவுப்படி வரிசைப்படுத்தினேன். ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ 22. அதற்கு முந்தைய தலைமுறை 3060 டிஐ 16. இரண்டிலும் மெமரி 8 ஜிபி. அப்புறம் என்ன யோசனை, புதுசையே வாங்கிவிட்டேன்.

என் நண்பன் ஒருத்தன் 3060 டிஐ-யை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தான். "ஏன்டா பழசைப் போய் வாங்கினே?" என்று கிண்டல் வேறு செய்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே மாடலை, ஒரே கேள்வியோடு ஓட்டிப் பார்த்தோம். அவனுடைய கார்டு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வேகத்தில் பதில் எழுதியது. "மச்சான், உன் ஷீட்டை இன்னொரு தடவை காட்டு" என்றான்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தோண்டியதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த 22 எங்கிருந்து வருகிறது? யாரும் கார்டை ஓட்டி அளந்த எண் அல்ல அது, வெறும் பெருக்கல். 4060 டிஐ-யில் 4352 கோர்கள், பூஸ்ட் கிளாக் 2.535 கிகாஹெர்ட்ஸ். ஒரு கோர் ஒரு கிளாக்கில் ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் சேர்த்தே செய்துவிடும், அதனால் இரண்டு கணக்கு. 4352 × 2 × 2.535 போட்டால் 22 ஆயிரத்துச் சொச்சம் வரும். அதாவது 22 டெராஃப்ளாப்ஸ். இதே மாதிரி 4864 × 2 × 1.665 போட்டால் 3060 டிஐ-யின் 16.2. எல்லாக் கோரும் ஒரு கிளாக்கைக் கூட வீணாக்காமல், பெருக்கிக் கூட்டும் வேலையை மட்டுமே செய்தால் என்ன கிடைக்குமோ அது இது. கோர்களுக்கு வேண்டிய எண்கள் நேரத்துக்கு வந்து சேருமா என்ற கேள்வியே இந்தப் பெருக்கலில் கிடையாது.

வந்து சேருவதற்கு ஒரு தனி எண் இருக்கிறது: மெமரி பேண்ட்வித். அதுவும் பெருக்கல்தான். 3060 டிஐ-யில் 256 பிட் அகலப் பாதை, ஒவ்வொரு பிட் தடத்திலும் நொடிக்கு 14 கிகாபிட். பெருக்கி 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 448 ஜிபி. 4060 டிஐ-யில் தடத்தின் வேகம் 18 ஆக ஏறியிருக்கிறது, ஆனால் பாதை பாதியாகி 128 பிட். கணக்குப் போட்டால் 288 ஜிபி. இந்தக் காலத்தையும் நான் ஷீட்டில் வைத்திருந்தேன், கடைசியில். பார்க்கத்தான் இல்லை.

கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் காய் நறுக்க முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஸ்டோர் ரூமிலிருந்து மூட்டை தூக்கி வர ஒரே ஒரு ஆள். அதுதான் என் கார்டு.

ஆனால் எல்லா வேலைக்கும் இப்படி ஆகாது. மெமரியிலிருந்து கொண்டு வந்த ஒரு பைட்டை வைத்து எத்தனை கணக்குப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. 22,060-ஐ 288-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 77. அதாவது பைட்டுக்கு 77 கணக்கு இருந்தால்தான் என் கார்டின் கோர்கள் முழுசாக வேலை செய்யும். 3060 டிஐ-க்கு 36 போதும். 2009-இல் சாமுவேல் வில்லியம்ஸ், ஆண்ட்ரூ வாட்டர்மேன், டேவிட் பேட்டர்சன் மூவரும் எழுதிய 'ரூஃப்லைன்' கட்டுரையின் அடிப்படை இந்த வகுத்தல்தான்.

இப்போது மொழி மாடலுக்கு வருவோம். பதிலில் ஒரு டோக்கன், அதாவது ஒரு சொல் அல்லது சொல்லின் துண்டு, எழுத மாடலின் எடை எண்கள் முழுவதையும் ஒருமுறை படித்தாக வேண்டும். அடுத்த டோக்கனுக்கு மறுபடி முழுசும். 4 பிட்டாகச் சுருக்கிய மாடலில் ஒரு பைட்டுக்கு இரண்டு எடைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல். ஆக பைட்டுக்கு 4 கணக்கு. வேண்டியது 77, இருப்பது 4! கோர்கள் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. மாடல் 4 ஜிபி என்று வைத்துக்கொண்டால், 448-ஐ 4-ஆல் வகுத்து நொடிக்கு 112 டோக்கன் அவன் கார்டின் உச்சவரம்பு. என்னுடையது 72. நிஜத்தில் இரண்டுமே இதற்குக் கீழேதான் ஓடும், விகிதம் மட்டும் பெரிதாக மாறாது. அந்த ஒன்றரை மடங்கு இங்கேயே இருந்திருக்கிறது.

என்விடியா சும்மா பாதையைக் குறைக்கவில்லை. உள்ளே இருக்கும் எல்2 கேஷை 4 எம்பி-யிலிருந்து 32 எம்பி ஆக்கினார்கள். கேமில் ஒரே தகவல் திரும்பத் திரும்பத் தேவைப்படுவதால் இது நன்றாகவே உதவுகிறது. 1080பி-யில் 4060 டிஐ கொஞ்சம் முன்னால் நிற்கும், 4கே போனால் அந்த முன்னிலை கரைந்துவிடும். மின்சாரமும் குறைவு, 200 வாட்டுக்குப் பதில் 160. ஆனால் 4 ஜிபி மாடலுக்கு 32 எம்பி கேஷ் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இன்னொரு குழி: தலைமுறை மாறினால் டெராஃப்ளாப்ஸுக்கே அர்த்தம் மாறும். 2080 டிஐ 13.4, 3070 20.3. கேமில் இரண்டும் ஏறக்குறைய சமம். பழையதில் முழு எண் கணக்குக்கு என்றே இருந்த பாதையை, புதியதில் தசம எண் கணக்கும் போடும்படி மாற்றினார்கள். காகிதத்தில் கோர் எண்ணிக்கை ஒரேயடியாக ஏறிவிட்டது. ஆனால் கேம்களில் சராசரியாக 100 தசமக் கணக்குக்கு 36 முழு எண் கணக்கு வருவதாக என்விடியாவே முன்பு சொன்னது. அந்த 36-ம் இப்போது அதே பாதையில்தான் போயாக வேண்டும்.

குறைந்த பட்ஜெட்காரர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கணும். ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் வந்தன. முதலில் வந்தது ஜிடிடிஆர்5, நொடிக்கு 48 ஜிபி. 2018-இல் வந்தது டிடிஆர்4, 16.8 ஜிபி. கோர் இரண்டிலும் 384. அட்டைப்பெட்டியில் மெமரி வகையைப் படிக்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

என் ஷீட்டில் இப்போது முதல் காலம் மெமரி அளவு, ஏனென்றால் மாடல் உள்ளேயே நுழையவில்லை என்றால் மற்றதெல்லாம் வீண். இரண்டாவது பேண்ட்வித். டெராஃப்ளாப்ஸ் மூன்றாவது. கார்டை மாற்றவில்லை. நீளமான கட்டுரையை மாடலைப் படிக்க வைக்கும்போது பல நூறு டோக்கன்கள் ஒரே நேரத்தில் போவதால், ஒருமுறை கொண்டு வந்த எடையை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாம். அங்கே என் கார்டு அவனுடையதை முந்துகிறது. அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதைத்தான் ஓட்டிக் காட்டுகிறேன்.