கண்ணளவில் விலை சொன்னால் கைநட்டம்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருந்த பழைய வீடுகள் பல இன்று தொடர்மாடிகளாகிவிட்டன. மாடி எழும்பியதும் முன்னால் நாலு பாத்தி, மதில் ஓரம் ஒரு வரிசைச் செடி, வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றிப் புல் என்று ஒரு சிறு தோட்டமும் வந்துவிடுகின்றது. இவற்றைச் செய்து கொடுப்பதும் பராமரிப்பதும் நமது இளைஞர்கள் சிலருக்குத் தொழிலாகியிருக்கிறது. முதல் குறைவு, கடை வாடகை இல்லை, ஒரு மோட்டார் சைக்கிளும் கைத்தொலைபேசியும் போதும். நல்ல தொழில்தான். ஆனால் செடியில் உழைத்ததை மூடுபடையில் விட்டுவிடுகிறார்கள்.

மூடுபடை என்பது செடியடியில் மண்ணை மூடிப் பரப்பும் படை. தோட்டக்காரர்கள் ‘மல்ச்’ என்பார்கள். நம் நாட்டில் அதற்குக் கைக்கெட்டிய பொருள் தேங்காய்ப் பொச்சும் தும்புத்தூளும். ஈரத்தைக் காக்கும், களையைக் குறைக்கும், அடைமழையில் மண் கழுவுண்டு போகாமல் தடுக்கும். தென்னையடியில் பொச்சு பரப்பும்படி லுணுவிலையில் உள்ள தெங்கு ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றது. எனவே பொருளில் குறையில்லை. விலை போடுவதில்தான் குறை.

கொட்டாஞ்சேனைத் தம்பி ஒருவர் சென்ற வருடம் என் கடைக்கு வந்தார். “வேல நெறைய இருக்கு நானா, கைல ஒன்டும் மிஞ்சுதில்ல” என்றார். மனைவியின் காப்பு அடகில் இருந்தது. கடைசியாகச் செய்த வேலை என்னவென்று கேட்டேன். 1,200 சதுர அடிப் பாத்திக்கு மூடுபடை, சதுர அடி 60 ரூபா, மொத்தம் 72,000. அறுபது எங்கிருந்து வந்தது? மற்றவர்களும் அப்படித்தான் எடுக்கிறார்களாம்!

கோளாறு இங்கேதான். டைல் பதிப்பவர் சதுர அடிக்கு விலை சொல்லலாம், டைலின் தடிப்பு மாறாது. மூடுபடைக்கு நீளம், அகலத்தோடு தடிப்பும் உண்டு. இரண்டு அங்குலத்தை மூன்றாக்கினால் பரப்பு மாறுவதில்லை, பொருள் ஒன்றரை மடங்காகிவிடும். “நல்லா மூடி விடுங்க” என்று வீட்டுக்காரர் சொல்வது ஒரு அளவே அல்ல.

மணல், கருங்கல்லை நாம் கியூப் கணக்கில் வாங்குகிறோம். ஒரு கியூப் 100 கன அடி. இதைப் பிடித்துக்கொண்டால் கணக்கு இலகு. ஒரு கியூப் பொருள் 2 அங்குலத் தடிப்பில் 600 சதுர அடியை மூடும், 3 அங்குலத்தில் 400, 4 அங்குலத்தில் 300. காணிக்காரர் பேர்ச்சஸ் கணக்கில் பேசினால் ஒரு பேர்ச் 272 சதுர அடி என்று பெருக்கி, வீடு, நடைபாதை, கிணற்றடி எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். நாடாவைப் பிடித்து அளந்தே கழியுங்கள். கேற்றடியில் நின்று பார்த்துச் சொல்வது வேலைக்காகாது.

தம்பியின் வேலையை அப்படியே போட்டுப் பார்த்தோம். 1,200 சதுர அடி, 3 அங்குலம் என்றால் 3 கியூப். பொருள் அமுங்கும், ஓரத்தில் சிந்தும், ஆகவே மூன்றரை கியூப். கணக்குக்காக ஒரு கியூப் 10,000 ரூபா என்று வைத்தோம், 35,000. லொறி இரண்டு நடை 12,000. மூன்று பேர், இரண்டு நாள், ஆளுக்கு 3,000 வீதம் 18,000. களை பிடுங்கல், பை, தேநீர் என்று 5,000. இதுவரை 70,000. போன், பெட்ரோல், போய்ப் பார்த்தும் கிடைக்காத வேலைகளின் செலவு ஆகியவற்றுக்குப் பத்து வீதம் சேர்த்தால் 77,000. அவர் எடுத்ததோ 72,000! ஐயாயிரம் ரூபாவைக் கையால் கொடுத்து, இரண்டு நாள் வெயிலிலும் நின்றிருக்கிறார். அந்தக் கணக்கில் அவருடைய கூலி சேரவேயில்லை.

இன்னொரு இடமும் உண்டு. இருபது வீத இலாபம் வேண்டுமென்றால் நம்மவர்கள் செலவில் இருபது வீதத்தைக் கூட்டுகிறார்கள். 77,000 இல் கூட்டினால் 92,400 வரும். அதில் இலாபம் 15,400, விற்பனையில் பார்த்தால் ஏறக்குறைய 17 வீதம்தான். விற்பனையில் இருபது வீதம் நிற்க வேண்டுமானால் 77,000 ஐ 0.8 ஆல் பிரிக்க வேண்டும், 96,250 வரும். புடவைக் கடையிலும் வன்பொருள் கடையிலும் இதே தவறு நடக்கிறது, அதை இன்னொரு நாள் பேசலாம்.

தும்புத்தூளை நிறைக்கு வாங்காதீர்கள். அது தன் எடையைப் போல் பல மடங்கு தண்ணீரைக் குடிக்கும். மழை நாளில் ஒரு தொன் வாங்கினால் பாதிக்கு மேல் தண்ணீருக்கே காசு. கன அளவில் வாங்குங்கள். கழுவாத தூளில் உப்பு இருக்கும், செடி கருகினால் வீட்டுக்காரர் உங்களிடம்தான் வருவார். நல்ல தூள் கப்பலேறுகிறது, ஆகவே டொலர் ஏறினால் இங்கும் விலை ஏறும்.

போக்குவரத்தை எல்லா இடத்துக்கும் ஒன்றாகப் போடக்கூடாது. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் பெரிய லொறி திரும்பாத இடங்கள் உண்டு. வீதியில் கொட்டிப் பையில் சுமக்க வேண்டும், அது ஒரு ஆள் கூலி. கொட்டாஞ்சேனையில் 100 சதுர அடி முற்றத்துக்குக் கால் கியூப் போதும், ஆனால் லொறிக்காரர் கால் வாடகை வாங்கமாட்டார். சிறு வேலைக்குக் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பொருள் கொடுப்பவர் வற் வரிக்குப் பதிந்தவரா என்றும் பாருங்கள். 2024 ஜனவரி முதல் அது 18 வீதம். நீங்கள் பதியாதவராயின் அதைத் திரும்ப எடுக்க முடியாது, முழுவதும் செலவுக் கணக்கில் சேரும்.

விலைக்கூறலில் தடிப்பை எழுதுங்கள், “போடும் நாளில் 3 அங்குலம்” என்று. நமது காலநிலையில் மூடுபடை விரைவில் அமுங்கி உக்கும். சில மாதங்களில் ஒருவர் அடிமட்டத்தைக் குத்தி இரண்டுதான் இருக்கிறது என்றால் அந்த எழுத்துத்தான் பேசும். எழுதிய மூன்றை இரண்டரையாகப் பரப்புவதும் அளவில் மோசம் செய்வதுதான், தராசு கையில் இல்லாததால் அது வேறாகிவிடாது.

விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதையும் குறிப்பிடுங்கள். 2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஓட்டோ டீசல் 2022 ஜூன் இறுதியில் 460 ஆனது. திகதி போடாமல் விலை கொடுத்திருந்தவர்கள் அந்த ஆறு மாதத்தில் பட்ட பாடு நமக்குத் தெரியும். பதினான்கு நாள் போதும். தொடர்மாடிக் குழுக்களிடம் முற்பணமாகப் பொருட்செலவையாவது வாங்காமல் லொறியைக் கூப்பிட வேண்டாம். அவர்கள் கூடிப் பேசி மிச்சத்தைத் தர மாதங்கள் ஆகும்.

பொச்சைக் கவிழ்த்தே அடுக்க வேண்டும். குழிவான பக்கம் மேலே இருந்தால் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு வீட்டுக்காரருக்கு, அடுத்த வேலை உங்களுக்கு இல்லை. கவிழ்த்து அடுக்க அரை நாள் கூடுதலாகச் செல்லும், அதையும் கூலியில் சேருங்கள். தம்பி இப்போது நாடாவும் ஒரு கொப்பியுமாகத்தான் வேலை பார்க்கப் போகிறார். சென்ற மாதம் மூன்று இடத்தில் விலை கொடுத்து ஒன்றுதான் கிடைத்ததாம்.