முதல் வாடகையை யார் சொல்வது?

கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் வருமான வரிக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். இங்கே வந்த தமிழர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. என்னிடம் ஓட்டல் சமையல்காரரும் வருகிறார், குழந்தைகள் காப்பக உதவியாளரும் வருகிறார். வரியைவிட, கணக்கின் நகல்தான் அவர்களுக்கு முக்கியம். குறைந்த வாடகை வீட்டுக்கு மனுப் போட அது வேண்டும்.

அரசு கட்டும் குடியிருப்பு அல்ல இது. தனியார் ஒருவர் 100 வீடுகள் கொண்ட அபார்ட்மெண்ட் கட்டுகிறார் என்றால், ‘15 வீடுகளை வருமானம் குறைந்தவர்களுக்கு ஒதுக்கு’ என்கிறது நகராட்சி. அந்த வீடுகளின் வாடகை, அந்தப் பிரிவினருக்கு வகுத்த வருமான அளவில் ஏறக்குறைய 30 சதவீதம் என்ற கணக்கில் வைக்கப்படும்.

அப்படிச் சொல்ல நகராட்சிக்கு அதிகாரம் உண்டா? 2009 முதல் 2017 வரை, வாடகை வீடுகளைப் பொறுத்தவரை, இல்லை. காரணம், வேறு எதற்கோ போட்ட சட்டம். நகரங்களின் வாடகைக் கட்டுப்பாட்டுக்குக் கடிவாளம் போட 1995-ல் காஸ்டா-ஹாக்கின்ஸ் சட்டம் வந்தது. புதிதாகக் குடிவருபவரிடம் முதல் வாடகை எவ்வளவு என்று சொல்லும் உரிமை வீட்டுக்காரருக்கே என்றது அது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மையத்துக்கு மேற்கே 350 வீடுகள் கட்டக் கிளம்பினார் ஜெஃப் பால்மர் என்ற பெரிய பில்டர். அதே இடத்தில் முன்பு ஏழைகள் குடியிருந்த 60 வீடுகள் இருந்தன; 1990-ல் இடித்துவிட்டார்கள். அதற்கு ஈடாக 60 மலிவு வாடகை வீடுகளைக் கொடு, இல்லையேல் பணமாகக் கட்டு என்றது மாநகராட்சி. காஸ்டா-ஹாக்கின்ஸ் சட்டத்தைக் காட்டி பால்மர் கோர்ட்டுக்குப் போனார். மலிவு வாடகை என்று நிபந்தனை போட்டாலே முதல் வாடகையை நகரம் வைப்பதாகத்தானே ஆகிறது என்று 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் நீதிபதிகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த ஒரு தீர்ப்பால் மாநிலம் முழுக்க நகராட்சிகளின் கை கட்டப்பட்டது.

2013-ல் சட்டமன்றம் இதைச் சரிசெய்ய மசோதா நிறைவேற்றியது. கவர்னர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்துப் போட மறுத்தார். ஓக்லாந்து மேயராக இருந்தவர் அவர்; நிபந்தனையைக் கூட்டினால் ஏழை வட்டாரங்களுக்குக் கட்டுபவர்களே வரமாட்டார்கள் என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2015-ல் எங்கள் சான் ஹோசேயின் ஒதுக்கீட்டு விதியை மாநில உச்ச நீதிமன்றம் ஏற்றது. அது விற்பனை வீடுகளுக்கான விதி என்பதால் வாடகைக்காரர்களுக்கு ஒன்றும் மாறவில்லை. கடைசியில் அதே பிரவுன்தான் 2017-ல் ஏபி 1505 மசோதாவில் கையெழுத்திட்டார். 2018 ஜனவரி 1 முதல் நகரங்களுக்கு அந்த அதிகாரம் திரும்பி வந்தது.

அதிகாரம்தான் வந்தது, வீடு தானாக வராது. ஒவ்வொரு நகரமும் தனியாக விதி போட வேண்டும். 15 சதவீதத்துக்கு மேல் கேட்கும் விதியைச் சில சூழல்களில் மாநில வீட்டு வசதித் துறை சோதித்துப் பார்க்கலாம். வீட்டை அதே கட்டடத்தில் கொடுக்காமல் வேறிடத்தில் கட்டித் தரவோ, நிலம் ஒதுக்கவோ, பணம் கட்டவோ பில்டருக்கு வழிவிட வேண்டும்.

வருமான வரம்பு இன்னொரு தொல்லை. காப்பகத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருவர், விடுமுறை நாட்களில் கூடுதல் நேரம் உழைத்ததால் வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்டார். “அண்ணே, அந்த ஓவர்டைமை வேண்டாம்னு சொல்லியிருக்கணுமோ?” என்று கேட்டார். கணக்கில் இருப்பதைத்தானே நான் எழுத முடியும்?

என்னைக் கேட்டால், பணம் வாங்கிக்கொள்ளும் வழியை நகராட்சிகள் சுருக்க வேண்டும். அந்தப் பணம் வேறொரு பேட்டையில் வீடாக எழும்பப் பல வருடம் பிடிக்கும். கட்டடத்துக்குள்ளேயே ஒதுக்கிய வீடோ, மற்ற வீடுகளுக்குச் சாவி கொடுக்கும் காலத்திலேயே தயாராகிவிடும்.