எண்ணெய் வயல் கப்பல்களில் வேலை: ஏறும் முன் அறிய வேண்டியவை

கடலுக்கடியிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் மேடைகளைச் சுற்றி, சரக்கு ஏற்றிச் செல்லும் வணிகக் கப்பல்களினின்றும் வேறான ஒரு கப்பற்கூட்டம் இயங்குகிறது. 1974-இல் எண்ணெய் கண்டறியப்பட்ட, மும்பைக்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டரில் உள்ள பம்பாய் ஹை வயலிலும், கிருஷ்ணா–கோதாவரிப் படுகையிலும், பாரசீக வளைகுடாவிலும், குழாயும் எரிபொருளும் உணவும் கொண்டு செல்லும் சப்ளை கப்பல்கள், துளையிடும் ரிக்குகளை இழுத்து நங்கூரமிடும் ஆங்கர் ஹேண்ட்லிங் கப்பல்கள், மூழ்குநர்களுக்கான கப்பல்கள், தொழிலாளர் தங்கும் பார்ஜ்கள் ஆகியன இக்கூட்டமாக இயங்குகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை அனைத்தும் ‘ஆஃப்ஷோர் வேலை’ என்ற ஒரே பெயருக்குள் அடங்கினாலும், சட்டத்தின் கண்ணில் இவை ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை அறியாமல் ஏறுபவர், விபத்தோ சம்பளப் பாக்கியோ நேரும்போதுதான் தமக்கு எந்தச் சட்டம் துணை நிற்கும், எது நிற்காது என்பதைக் கண்டுகொள்கிறார்.

தன் இயந்திரத்தால் ஓடும் சப்ளை கப்பலில் மாலுமியாகக் கையெழுத்திட்டவருக்கு, 2013-இல் நடைமுறைக்கு வந்து 2015-இல் இந்தியா ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் பாதுகாப்பு உண்டு. அந்த உடன்படிக்கை, ஒரு வகைக் கலம் ‘கப்பல்’ ஆகுமா என்ற ஐயம் எழுந்தால் முடிவெடுக்கும் பொறுப்பை அக்கலம் பதிவான கொடிநாட்டின் அரசிடம் விட்டிருப்பதால், துளையிடும் ரிக்குகளும் பார்ஜ்களும் பலவேளை உடன்படிக்கையின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. பார்ஜில் ஒப்பந்ததாரரின் கீழ் வேலை செய்யும் வெல்டரோ சமையற்காரரோ பெரும்பாலும் மாலுமியாகப் பதிவாவதில்லை. எனவே வேலை தேடுபவர் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னரே கலத்தின் வகை, கொடி, தம்முடைய பதவிப்பெயர் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

மாலுமியாக நுழைய, பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு ஜி.பி. ரேட்டிங் எனும் ஆறு மாதக் கடைநிலை மாலுமிப் பயிற்சியும், இயந்திரவியல் பொறியாளருக்கு ஜி.எம்.இ. எனும் கடற்பொறியியல் படிப்பும் முறையான வழிகள். மும்பையில் தலைமையிடம் கொண்ட கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஒப்புதல் அளித்த நிறுவனங்களில் மட்டுமே இவற்றைப் பயில வேண்டும். நிறக்குருடு உள்ளிட்ட கண் சோதனையில் தேறாதவருக்கு மேல்தளப் பணியின் கதவு திறக்காது என்பதால், கட்டணம் கட்டும் முன்னரே மருத்துவச் சோதனையை முடித்துக்கொள்வது அறிவுடைமை. மாலுமிகளின் தேசியத் தரவுத்தளப் பதிவான இன்டோஸ் எண், சி.டி.சி. எனப்படும் கடற்பணிப் பதிவேடு, அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றுகள் ஆகியன அடுத்துத் தேவைப்படும். ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் தப்பிக்கும் பயிற்சியை உள்ளடக்கிய போசியட் சான்றுக்கு நான்கு ஆண்டுகளே ஆயுள். இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. நங்கூரமின்றிக் கணினியின் உதவியால் கப்பலை ஓரிடத்தில் நிறுத்தும் டி.பி. முறைக்கான சான்று நல்ல ஊதியம் தருவது உண்மைதான். ஆனால் அது வகுப்பறையில் மட்டும் கிடைப்பதன்று, டி.பி. கப்பலில் பதிவுசெய்த கடற்பணி நாட்களும் அதற்கு வேண்டும். அதிகாரிக்குரிய தகுதிச் சான்றோ அதற்கான பயிற்சியோ இல்லாத இளைஞருக்கு டி.பி. படிப்பை விற்பவர், அவருடைய குடும்பம் கடன்வாங்கிய பணத்தைப் பறிக்கிறார்.

பணம் பறிபோகும் பெரிய இடம் ஏஜென்ட். இந்தியாவில் மாலுமிகளை ஆட்சேர்ப்புச் செய்ய ஆர்.பி.எஸ்.எல். எனும் உரிமம் கட்டாயம். உரிமம் பெற்றவரும் வேலைக்கென மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. கடவுச்சீட்டு, சி.டி.சி., மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவு மட்டுமே மாலுமியுடையது, விசாச் செலவு கப்பல் உரிமையாளருடையது. ‘சீட்’டுக்கு இலட்சக்கணக்கில் கேட்பவரும், சுற்றுலா விசாவில் அனுப்பி அங்கே கப்பலேற்றுவதாகச் சொல்பவரும் சட்டத்துக்குப் புறம்பானவர்கள். உரிம எண்ணை இயக்குநரகத்தின் இணையதளத்தில் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

ஏறியபின் உள்ள உரிமைகளில் ஓய்வே முதன்மையானது. எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேரமும், ஏழு நாட்களில் 77 மணி நேரமும் ஓய்வு தரப்பட வேண்டும், அந்தப் பத்து மணி நேரத்தில் தொடர்ச்சியான ஒரு பகுதி ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. இழுவிசையில் அறுந்து வீசும் கம்பிவடமும், அலையில் ஆடும் தளத்தில் இறங்கும் சரக்கும், பிராணவாயுவற்ற தொட்டியும், ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் உயிரைப் பறிக்கும் தொழிலில், களைத்தவரை வேலையில் நிறுத்துவது கொலைக்கு ஒப்பான அலட்சியம். ஆபத்து களைப்பிலிருந்து மட்டும் வருவதில்லை. 2005 ஜூலை 27 அன்று, காயம்பட்ட சமையற்காரர் ஒருவரை மேடைக்கு மாற்ற நெருங்கிய சமுத்ரா சுரக்ஷா கப்பல் மோதியதில் பம்பாய் ஹை வடக்கு மேடை எரிந்து 22 பேர் மாண்டனர். 2021 மே மாதம் டவ்தே புயலின்போது பி-305 என்ற தங்கும் பார்ஜ் எச்சரிக்கைக்குப் பின்னும் துறைமுகம் திரும்பாமல் வயலிலேயே நின்றது. நங்கூரங்கள் அறுந்து, மேடையொன்றில் மோதி அது மூழ்கியபோது, அதிலிருந்த 261 பேரில் 186 பேரே உயிருடன் மீட்கப்பட்டனர். பாதுகாப்பற்ற வேலையை நிறுத்தும் அதிகாரம் கடைநிலைத் தொழிலாளிக்கும் உண்டென்று இத்துறையின் நிறுவனங்கள் எழுதி வைத்துள்ளன. அது வெறும் சுவரொட்டியாக நிற்கும் கலத்தில் அடுத்த ஒப்பந்தத்துக்கு மீண்டும் ஏறாதிருப்பதே நல்லது.

எண்ணெய் விலை வீழும்போது ஆபத்து வேறு உருவம் கொள்கிறது. 2014-இன் நடுப்பகுதியில் பீப்பாய்க்கு 110 டாலரைத் தாண்டியிருந்த விலை 2016 தொடக்கத்தில் 30 டாலருக்குக் கீழே சரிந்தபோது, சப்ளை கப்பல்கள் பெருமளவில் வேலையின்றிக் கட்டிப்போடப்பட்டன. உரிமையாளர் இரண்டு மாதச் சம்பளம் தராமல் உறவை அறுத்துக்கொண்டாலோ, உணவும் ஊர் திரும்பும் செலவும் மறுத்தாலோ, அது கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி ‘கைவிடல்’ ஆகும். 2017 முதல் கப்பல்கள் இதற்கென ஏந்த வேண்டிய நிதிப் பிணையிலிருந்து நான்கு மாதச் சம்பளம் வரையும் பயணச் செலவும் கிடைக்கும். அப்பிணைச் சான்று கப்பலில் எல்லோரும் காணும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். துறைமுக ஆய்வதிகாரியிடமும், ஐ.டி.எஃப். எனும் பன்னாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பிடமும், இயக்குநரகத்திடமும் முறையிடலாம். இந்தியத் துறைமுகத்தில் கப்பல் நின்றால், 2017-ஆம் ஆண்டு அட்மிரால்டி சட்டத்தின்கீழ் சென்னை உள்ளிட்ட உயர் நீதிமன்றங்களில் அதைச் சிறைபிடிக்கவும் வழியுண்டு. மாலுமியின் சம்பளப் பாக்கி அங்கே மற்றக் கடன்களுக்கு முந்தியது, ஆனால் பாக்கி விழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அந்நடவடிக்கை நிகழ வேண்டும்.

மரணமோ ஊனமோ நேர்ந்தால், தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டப்படி குடும்பத்தினர் தாம் குடியிருக்கும் பகுதியின் உரிய அதிகாரியிடமே மனுச் செய்யலாம், மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. இதற்குக் காலக்கெடு உண்டு என்பதால் நிறுவனத்தின் வாய்மொழி உறுதியை நம்பி நாட்களைக் கடத்தக் கூடாது. இத்தனை கதவுகளையும் திறப்பவை காகிதங்களே. கப்பலேறும் ஒவ்வொருவரும் கையெழுத்திட்ட பணி ஒப்பந்தம், ஏஜென்டின் உரிம எண், கலத்தின் பெயரும் அதை அடையாளம் காட்டும் ஐ.எம்.ஓ. எண்ணும், சம்பளச் சீட்டு, ஓய்வு நேரப் பதிவின் படம் ஆகியவற்றின் நகல்களைப் புறப்படும் நாளிலிருந்தே வீட்டாரிடம் கொடுத்துவைக்க வேண்டும்.